பதில் போடாதவர்கள்

கொலம்பஸ், ஓஹையோ
1999 ஏப்ரல் 3

டென்சிலுக்கு,

இதை நீ பிரிக்காமலேயே அடுப்பில் போட்டுவிடலாம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உறையின் மேல் என் பெயர் இல்லாமல் உன் தங்கை மகள் லின்னி வரைந்த வாத்து மட்டும் இருப்பது அதனால்தான். வாத்தை எரிக்க உனக்கு மனசு வராது.

அம்மாவை அடக்கம் செய்து இரண்டு வருஷமும் ஒரு மாதமும் ஆகிறது. இந்தக் கடிதம் அவ்வளவு தாமதம். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது, "அம்மாவத் தட்டியாக்கி கோர்ட் வாசல்ல நிறுத்திட்டியேடி" என்பதுதான். அதோடு போனை வைத்தவன் இன்றுவரை எடுக்கவில்லை.

அம்மாவின் படத்தைப் பெரிதாக்கி வழக்குக்கு விளம்பரத் தட்டி வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அடக்கத்தன்று சர்ச் கீழ்க்கூடத்தில் ராய்ஸ் டாக்கெட் பன்றித்தொடைக் கறி வைத்த ஒரு பெரிய தட்டோடு வந்து நின்றபோது, நம் ஊருக்காகப் பேச ஒரு வக்கீல் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துக் கொடுத்தேன். காகிதங்களுக்கு நடுவில் ஈஸ்டர் தொப்பியோடு அம்மா இருக்கும் அந்தப் படமும் இருந்தது. நான் கவனிக்கவில்லை. இதைச் சொல்லவே இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது எழுதக் காரணம் வேறு. கோர்ட்டிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. நம் ஊர்த் தண்ணீரைக் கெடுத்ததாக ஆலைமீது டாக்கெட் போட்ட கூட்டு வழக்கு சமரசமாகிறதாம். பதினான்கு பக்கம், எறும்பு ஊர்வதுபோல் எழுத்து. லின்னி மதியம் தூங்கிய நேரத்தில் இரண்டு முறை படித்துவிட்டேன். பட்டம் வாங்கியவள் என்று பெயர், பாதி புரியவில்லை. உனக்கும் வந்திருக்கும். தூக்கிப் போட்டுவிடாதே.

லின்னிக்கு ஜனவரியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். சிறுநீரில் இருக்கக் கூடாத அளவு புரதம் இருக்கிறது. விளையாடுகிறாள், சாப்பிடுகிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், ஆனால் காலையில் அவள் கண் இமை வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. டாக்டர் கேட்டார்: "முதல் வருஷம் குழந்தை குடிச்ச தண்ணியில என்ன இருந்துச்சு? ஆலை தண்ணின்னு பொதுவா சொன்னா எதைத் தேடறது? கலந்த ரசாயனத்தோட பேர் தெரிஞ்சா சொல்லுங்க." எனக்குத் தெரியவில்லை. ஆலையின் காகிதங்கள் நாற்பத்தொரு பெட்டி டாக்கெட்டிடம் இருக்கின்றன. கேட்டுப் பார்க்கிறேன்.

கொக்கு ஓடையில் நுரையை அள்ளித் தாடி வைத்துக்கொள்வோமே, ஞாபகம் இருக்கிறதா? உன் தாடி எப்போதும் என்னுடையதைவிட நீளம். அம்மா கரையில் நின்று, "வாங்க கிழவன்களா, சாப்பாடு ஆறுது" என்பாள். லின்னி குளியல் தொட்டியில் சோப்பு நுரையை மோவாயில் ஒட்டிக்கொள்ளும்போது எனக்குச் சிரிக்கவும் முடிவதில்லை.

ட்வைலா

*

ஹாக்கின்ஸ் லேண்டிங், மேற்கு வர்ஜீனியா
ஏப்ரல் 11

மதிப்புக்குரிய திருமதி ட்வைலா அவர்களுக்கு,

வாத்து நல்லாருக்கு. ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டேன். நான் காலேஜ் வாசல் மிதிக்காதவன், பேசற மாதிரிதான் எனக்கு எழுத வரும். பொறுத்துக்கோ.

குழந்தை விஷயம் கேட்டு ரெண்டு நாள் வேலையில கை ஓடல. வேற டாக்டர் பாத்தியா?

கோர்ட் உறை வந்துச்சு. பிரிக்கவே இல்ல. அடுப்புல போட்டேன், நல்லா எரிஞ்சுது. நான் எதுலயும் கையெழுத்துப் போடல. அந்தாளு தீயணைப்பு நிலையத்துல மேசை போட்டு, பேனாவ நீட்டி நீட்டி ஊரையே கையெழுத்துப் போட வச்சப்பவும் நான் போடல. அதனால நான் அந்தக் கூட்டத்துல இல்ல. அம்மாவும் இல்ல. அவங்க சொத்துக் காகிதம் எல்லாம் என் பேர்லதான் இருக்கு, என்னைக் கேக்காம ஒருத்தனும் தொட முடியாது. இந்த விஷயம் இதோட முடிஞ்சுது.

நேத்து காட்டுப் பூண்டு விருந்து. எப்பவும் போல தீயணைப்பு நிலையத்துலதான். உருளைக்கிழங்கு, பீன்ஸ், சோள ரொட்டி, பன்றிக் கொழுப்புல வதக்கின பூண்டு. கதவத் திறந்தா நாத்தம் ஆத்துக்கு அந்தப் பக்கம் போகும். டாக்கெட் வந்திருந்தான். எல்லார் முதுகுலயும் தட்டிக் குடுத்துட்டு, தட்டுல பூண்ட முள்கரண்டியால இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிட்டே இருந்தான். "என்ன சார், எங்க ஊர் பூண்டு எறங்கலையா?"ன்னு கேட்டேன். "திங்கக்கிழமை ஜட்ஜ் முன்னாடி நிக்கணும் டென்சில், ரெண்டு நாள் வாய் நாறுமே"ன்னான். "நாங்க ஊரோட நாறிட்டுதான் இருக்கோம்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன்தான் ரொம்பச் சத்தமா சிரிச்சான். அதான் எனக்குப் பிடிக்கல.

நீ கூட இருந்தா மூணு தட்டு சாப்பிட்டிருப்பே. எட்டாங்கிளாஸ்ல அந்த வாயோட பள்ளிக்கூடம் போய், டீச்சர் உன்னைத் தனியா ஜன்னல் பக்கம் உக்கார வச்சது ஞாபகம் வந்துச்சு.

டென்சில்

*

கொலம்பஸ்
ஏப்ரல் 16

டென்சில்,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு கோர்ட் உறையை எடுத்து மறுபடி படித்தேன். தயவுசெய்து இதை உட்கார்ந்து படி.

நீ அந்தக் கூட்டத்தில் இருக்கிறாய். கையெழுத்துப் போடாததால் வெளியே இருப்பதாக நினைக்கிறாய். ஒன்பதாம் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்: "1978 முதல் 1997 வரை ஹாக்கின்ஸ் லேண்டிங் குடிநீரைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும், இறந்தோர் உட்பட, இவ்வழக்குக் குழுவின் உறுப்பினர் ஆவார். விலக விரும்புவோர் மே 15 தபால் முத்திரைக்குள் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். பதில் அளிக்காதோர் சமரசத்தை ஏற்றவராகக் கருதப்படுவர்."

புரிகிறதா? பேசாமல் இருந்தால் சம்மதம். தீயணைப்பு நிலையத்தில் வாங்கிய கையெழுத்தெல்லாம் வெறும் வேடிக்கைதான். கோர்ட் கணக்கில் ஊரே உள்ளே. நீயும் நானும் லின்னியும், கல்லறையில் இருக்கும் அம்மாவும்.

சமரசத்தில் நமக்கு என்ன கிடைக்கிறது தெரியுமா? வீட்டுக்கு ஒரு சீட்டு. அதைக் காட்டினால் தண்ணீர் வடிகட்டி வாங்கும்போது நாற்பது டாலர் குறைப்பார்கள். மீதியை நாம் போட வேண்டும். வக்கீல்களுக்கு ஒன்பது மில்லியன். அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். டாக்கெட் அலுவலகத்துக்கு போன் செய்தேன். எடுத்தது ஒரு பெண்.

"உங்க உறுப்பினர் எண் சொல்லுங்க மேடம்."

"எண் இருக்கட்டும். என் குழந்தை குடிச்ச தண்ணியில என்ன இருந்துச்சுன்னு அந்தப் பெட்டிகள்ல பாத்துச் சொல்ல முடியுமா? டாக்டர் கேக்கறார்."

"அந்த டாக்குமென்ட்ஸ் எல்லாம் ரகசியம் மேடம். சமரசம் முடிஞ்சதும் ஆலைக்கே திருப்பிப் போயிடும்."

"நீங்க எங்க வக்கீல்தானே?"

"ஆமா மேடம்."

"அப்ப எனக்கே ரகசியமா?"

"உங்க எண் இருந்தாச் சொல்லுங்க, வடிகட்டி சீட்டு எப்ப வரும்னு பாக்கறேன்."

நான் போனை வைத்துவிட்டேன். டாக்கெட் இல்லையென்றால் அந்தப் பெட்டிகள் ஆலையை விட்டு வெளியே வந்தே இருக்காது. அதை நான் மறுக்கவில்லை. வெளியே எடுத்தவரே திரும்ப உள்ளே வைத்துப் பூட்டவும் விலை பேசியிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

விலகினால்தான் லின்னிக்காக நாளைக்கு நாமே கேட்கும் உரிமை மிஞ்சும். அவளுக்கும் எனக்கும் நான் எழுதிவிட்டேன். உனக்கு நீ எழுத வேண்டும். அம்மாவுக்கும் நீதான் எழுத முடியும்.

அம்மாவோடு இருந்த அந்த வருஷம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. லின்னிக்குப் பால்பொடி கரைக்க நான் குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிஷம் கொதிக்க வைப்பேன். நீ பார்க்கர்ஸ்பர்க் டவுனிலிருந்து வாராவாரம் கேன் கேனாகத் தண்ணீர் தூக்கி வருவாய். "துரைக்கு நம்ம ஊர் தண்ணி எறங்காதோ?" என்று நானும் அம்மாவும் உன்னைப் படாதபாடு படுத்துவோம். நீ முகம் சிவந்து, "காப்பி ருசிக்குதான்" என்பாய். அந்தச் சமையலறை, அம்மா மேசையில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருக்கும் பீன்ஸ், ஆலையின் ஷிஃப்ட் சங்கு ஊதினால் கடிகாரத்தைப் பார்க்காமலே அவள் அடுப்பை அணைப்பது. அதெல்லாம் எவ்வளவு நல்ல நாள்கள்.

ட்வைலா

*

ஹாக்கின்ஸ் லேண்டிங்
ஏப்ரல் 27

ட்வைலா,

நீ சொன்னத நம்பாம கோர்ட்டுக்கே போனேன். ஜன்னல்ல இருந்த கிளார்க் அம்மா கண்ணாடிய மூக்கு நுனிக்குத் தள்ளிப் பாத்துட்டு, "ஆமாப்பா, நீ உள்ளதான் இருக்கே"ன்னாங்க.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அதான் உள்ள இருக்கே."

"வேண்டாம்னு எப்பச் சொல்லணும்?"

"பதினஞ்சாந் தேதிக்குள்ள. எழுத்துல."

"என் வீட்டுக்கு ஒருத்தன் சோஃபா அனுப்பிட்டு, வேண்டாம்னு எழுதலைன்னா வாங்கிட்டதா அர்த்தம்னா ஒத்துக்குவீங்களா?"

"சோஃபான்னா ஒத்துக்க மாட்டேன். இது சட்டம்"னு அவங்களும் சிரிச்சிட்டாங்க. அவங்க வீடும் நம்ம ஊர்லதான். அவங்க எழுதலையாம். அதுக்கெல்லாம் எங்க நேரம்கறாங்க.

வெளிய வந்து வண்டியில அரைமணி நேரம் ஸ்டார்ட் பண்ணாம உக்காந்திருந்தேன். கையெழுத்துப் போட மாட்டேன்னு ரெண்டு வருஷம் ஊரெல்லாம் மார்தட்டினவன், இப்ப நான் போடலைன்னு சொல்றதுக்கு ஒரு கையெழுத்துப் போடணும். டாக்கெட் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பான்.

எனக்கு எழுதிடலாம். அம்மாவுக்கு என்னன்னு எழுதறது? மூணு தடவ உக்காந்தேன். பேப்பர்தான் வீணாச்சு.

கேன் தண்ணி பத்தி எழுதியிருந்தே. எழுதும்போது சிரிச்சியா? எனக்குச் சிரிப்பு வரல. அப்புறம் சொல்றேன்.

டென்சில்

*

கொலம்பஸ்
மே 3

டென்சில்,

உனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை?

நான்கு நாளாக அந்த ஒரு வரியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம் சொல்கிறேன் என்றால் எப்போது? பாத்திரம் கழுவும்போது கை நின்றுவிட்டது. குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். என் வீட்டுக்காரர் ரஸ் வந்து மூடினார்.

நீ காப்பியே குடிப்பதில்லை. உனக்குச் சின்ன வயசிலிருந்தே பிடிக்காது. இது எப்படி இத்தனை வருஷம் எனக்குத் தோன்றாமல் போனது? அம்மாவும் நானும் அந்த ருசிக் கதையை வைத்து உன்னைக் கேலி செய்தோம். நீயும் விட்டுவிட்டாய்.

நான் கொதிக்க வைத்தால் எல்லாம் சாகும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கிருமி சாகும். வேறு ஏதாவது இருந்தால் தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் அடர்த்தியாகும் என்று டாக்டர் போன வாரம்தான் சொன்னார். பத்து நிமிஷம், டென்சில். தினமும் ஆறு பாட்டில். நீ வாசலில் கேனை வைத்துக்கொண்டு, "இதுல கலக்கேன், எதுக்கு வம்பு" என்றாய். நான், "காலேஜ்ல படிச்சவளுக்குத் தண்ணி காய்ச்சத் தெரியாதா?" என்றேன். அதற்குமேல் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன்?

கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. அந்த நாற்பத்தொரு பெட்டிகளில் இருப்பது உனக்குத் தெரியுமா? தெரியுமென்றால் சொல். திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. சொல், போதும்.

ட்வைலா

*

ஹாக்கின்ஸ் லேண்டிங்
மே 15

அயிரைக்கு,

சின்ன வயசுல வச்ச இந்த மீன் பேர்ல உன்னைக் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு. வேற எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல.

மொதல்ல தேதி விஷயம். இன்னிக்குச் சனிக்கிழமை, தபாலாபீஸ் பன்னெண்டு மணிக்கு மூடிடும். பதினொண்ணே முக்காலுக்குப் போய் நின்னேன். அங்க வேலை பாக்கற ஓப்பல் ஜன்னல் கதவ இறக்கிட்டிருந்தா. "இருந்திருந்து இப்பத்தான் வர்றியா? என் ரொட்டி கருகுது டென்சில்"னா. "என் கண்ணு முன்னாடியே முத்திரை குத்து, தேதி தெளிவா விழணும்"னேன். ரெண்டு உறையும் வாங்கிப் பாத்தா. ரெண்டாவதுல அனுப்புநர் எடத்துல அம்மா பேரப் படிச்சா. மைப்பெட்டியில நல்லா ஒத்தி, மெதுவா, நேரா குத்தினா. அப்புறம் அவளும் உறை மேல ஊதினா, நானும் ஊதினேன்.

அம்மாவுக்கு எழுதினத உனக்கும் நகல் எடுத்து வச்சிருக்கேன். ரெண்டு வரிதான். "என் அம்மா வெர்னா சேயர் இந்த வழக்குல இல்ல. அவங்க பேசாமத்தான் போனாங்க, ஆனா ஆமான்னு சொல்லிட்டுப் போகல." வக்கீல் பாஷையில இருக்காது. கையெழுத்து என்னுது.

இப்ப நீ கேட்டது.

நான் எண்பத்திரெண்டுல ஆலையில வேலைக்குச் சேந்தேன். தொண்ணூத்தொண்ணுல என்னை வால்வு பக்கம் மாத்தினாங்க. செவ்வா, வெள்ளி ஒரு வால்வத் திறக்கணும், தொட்டி காலியானதும் மூடணும். அந்தக் குழா எங்க போகுதுன்னு நான் கேக்கல. மூணாவது வாரம் லீவு நாள்ல கொக்கு ஓடைப் பக்கம் போனேன். புதன்கிழமை. நுரை இடுப்பு ஒசரம் நிக்குது. நாம தாடி வச்ச நுரையெல்லாம் முழங்காலுக்குக்கூட வராது. நம்ம ஊர் குழா தண்ணி அங்கேர்ந்துதான் வருது.

ஃபோர்மேனக் கேட்டேன். "எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு, உன் வேலையப் பாரு"ன்னார். பாத்தேன். ஆறு வருஷம் பாத்தேன். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசல. அப்பாவோட கூட்டாளிங்க எல்லாம் அங்கதான் ரிட்டையர் ஆனாங்க. சங்கு ஊதினா சோறு, ஊதலைன்னா இல்லன்னு வளந்தவங்க நாம. வீட்டுக்குக் கேன் வாங்கிட்டு வந்தேன், அவ்வளவுதான் எனக்கிருந்த தைரியம். அம்மா அத எடுத்துச் செடிக்கு ஊத்தினாங்க. காசு குடுத்த தண்ணி வீணாகக் கூடாதாம், பூவுக்காவது ஆகட்டுமாம். தான் மட்டும் குழா தண்ணியத்தான் குடிச்சாங்க.

நீ குழந்தையோட வந்தப்ப வாசல்ல நின்னு சொல்ல வாய் திறந்தேன். நீ காலேஜ் பேச்சு பேசினே. எனக்கு அது வசதியாப் போச்சு. உன் மேல பழியப் போட்டுட்டு வாய மூடிட்டேன். அதத்தான் இத்தனை வருஷம் நீ எனக்குச் செஞ்ச அவமானம்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

டாக்கெட்ட எனக்குப் பிடிக்காது, இப்பவும் பிடிக்காது. ஆனா அவன் மேல இருந்த கோவத்துல பாதி வேற. அவன் பெட்டியில என் கையெழுத்து இருக்கு. வால்வு நோட்டுல, ஒவ்வொரு செவ்வா, வெள்ளியும். எதுலயும் கையெழுத்துப் போடாதவன்னு ஊருக்குச் சொன்னேன் பாரு.

உள்ள ஒரு காகிதம் மடிச்சு வச்சிருக்கேன். தொட்டியில கொட்டற டிரம்மு மேல ஒட்டியிருந்த சீட்டு. தொண்ணூத்தொண்ணுல ஒருநாள் உரிச்சு எடுத்தேன், எதுக்குன்னு தெரியாது. அம்மாவோட சமையல் குறிப்பு டப்பாவுல, பிளாக்பெர்ரி பை குறிப்புக்குப் பின்னாடி வச்சேன். அவங்க பாத்திருப்பாங்க, கேக்கல. அதுல பேரு இருக்கு, எண்ணும் இருக்கு. டாக்டர்கிட்ட குடு. யார் குடுத்தாங்கன்னு கேட்டா என் முழுப்பேரச் சொல்லு. வேலை போனா மீன் பிடிப்பேன். அந்த ஓடையில இல்ல.

குழந்தைய நான் தூக்கினது நாலு தடவைதான். எண்ணி வச்சிருக்கேன்.

டென்சில்

*

கொலம்பஸ்
ஜூன் 5

டென்சில் அண்ணா,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. ஆரம்பித்துக் கிழித்த கடிதங்கள் ஆறு. முதல் மூன்றில் இருந்ததை நீ படிக்காமல் இருப்பதே நல்லது. அவற்றில் எழுதியதெல்லாம் உண்மை, இன்னும் உண்மைதான். ஆனால் அனுப்பினால் உன் ஆறு வருஷத்துக்கு மட்டும் பதிலாகும். வாசலில் உன்னைப் பேசவிடாமல் செய்த என் வாய்க்குப் பதில் எங்கே?

டாக்டரிடம் சீட்டைக் கொடுத்தேன். ஓரமெல்லாம் பழுப்பு, நடுவில் அம்மாவின் விரல் பட்ட மாவுத் தடம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார், உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார், திரும்பி வந்து, "இப்ப எதைப் பாக்கணும்னு தெரியுது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஜனவரியிலிருந்து காத்திருந்தேன். புதிதாக இரண்டு பரிசோதனை. ஒன்றின் முடிவு வந்துவிட்டது. சிறுநீரகம் தேறுமாம், உப்பைக் குறைத்து மருந்து கொடுத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால். தேறும் என்று சொன்னாரே தவிர சத்தியம் செய்யவில்லை. எனக்கு அதுவே போதும். யார் கொடுத்தது என்று கேட்டார். "டென்சில் வாரன் சேயர், என் அண்ணன்" என்றேன். எழுதிக்கொண்டார்.

நாற்பத்தொரு பெட்டி, ஒன்பது மில்லியன், இரண்டு வருஷம். ஒருவரும் சொல்லாத பெயர் பிளாக்பெர்ரி பை குறிப்புக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

விலகியவர்கள் பட்டியல் நேற்று கோர்ட்டிலிருந்து வந்தது. ஆறாயிரத்துச் சொச்சம் பேரில் விலகியவர்கள் பதினொருவர். அகர வரிசையில் நாம் ஒன்றாக இருக்கிறோம்: சேயர், டென்சில். சேயர், வெர்னா (மறைவு). எனக்கும் லின்னிக்கும் ரஸ்ஸின் குடும்பப் பெயர் என்பதால் கொஞ்சம் தள்ளி. அம்மாவின் பெயரைக் கடைசியாக அச்சில் பார்த்தது அந்தத் தட்டியில். இது மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அரைப் பக்கத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். லின்னி, "இதுல வாத்து எங்க?" என்கிறாள்.

ஜூலை நாலு, சுதந்திர தினத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு வரப் பார்க்கிறேன். தண்ணீர் இங்கிருந்து கொண்டுவருவேன், கேலி செய்யாதே. ஓடைப் பக்கம் போக மாட்டோம். கரைமேல் நின்று ஆற்றுக்கு அப்பால் வாணம் விடுவதைப் பார்ப்போம், முன்பு நாம் நால்வரும் அப்பாவின் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து பார்த்தது போல. நீ அவளைத் தூக்கிக்கொள், ஐந்தாவது தடவை.

நாங்கள் வருவதில் உனக்கு விருப்பமில்லை என்றால் ஜூன் 20 தபால் முத்திரைக்குள், முழுப்பெயர், முகவரியுடன், உன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பதில் அளிக்காதோர் சம்மதித்தவராகக் கருதப்படுவர்.

தயவுசெய்து பதில் போடாதே.

அயிரை